மறுபாதி சவரிமுத்துவிடம்

காலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. மிதித்தால் ஒன்றும் ஆகாது. அயினிப் பலகை, படகு செய்கிற மரம். ஆனாலும் மிதிக்க வேண்டாம். அது பொதுச்சொத்து.

இல்லை, கதவு இல்லை. இஸ்திரி போடுகிற பலகையும் இல்லை. தூத்துக்குடியில் பஸ் ஏறும்போதே அந்த அம்மா, யாருக்கு என்ன ஆச்சு, பாடை கட்டவா கொண்டு போறீங்க என்று கேட்டார். எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? நீங்கள் படித்தவர் போலத் தெரிகிறது. உங்களுக்குச் சொல்லுகிறேன். இது பனிமலையில் ஏறி இறங்குகிற பலகை. இதில் பாதி. மறுபாதி எங்கே என்று கேட்பீர்கள். அதோ, டிரைவருக்குப் பின்னால் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு ஒரு வழுக்கை மண்டை தெரிகிறதே, அவன் மடியில் நீளமாக ஒரு சாக்குப் பொட்டலம் இருக்கிறதே, அதுதான். அவன் பெயர் சவரிமுத்து. என் மனைவியின் அண்ணன். இருபது வருடமாக எனக்கும் அவனுக்கும் பேச்சு கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நார்வே போகிறோம்.

என் பெயர் ஆவுடையப்பன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் வயதுக்காரர்களுக்கு உப்பு என்றால் பாக்கெட்டில் வருவது. யார் வாரினார்கள், எவள் தலையில் சுமந்து கொட்டினாள் என்று பாக்கெட்டில் போட்டிருக்காது. நீங்கள் என்ன வேலை? மருந்துக் கம்பெனியா. சங்கம் உண்டா? உண்டு, ஆனால் நீங்கள் சேரவில்லை. சரி. அதைப் பிறகு பேசுவோம்.

எனக்கு ஒரே மகள். வாலன்டினா. நார்வேயில் ஒரு கப்பல் கம்பெனியில் பொறியாளர். அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். எஸ்பென் என்று பெயர். நான் அந்தக் கல்யாணத்தை எதிர்த்தேன் என்று ஊரில் சொல்லுவார்கள். பொய். நான் கண்டனத் தீர்மானம் மட்டும்தான் நிறைவேற்றினேன். சாதி மதம் பார்க்கிறவன் இல்லை நான். சவரிமுத்துவின் தங்கை ரோசம்மாளைத் தாலி இல்லாமல், மோதிரம் இல்லாமல், சங்க அலுவலகத்தில் மாலை மாற்றிக் கட்டிக்கொண்டவன். மாப்பிள்ளை வெள்ளைக்காரன் என்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவனுடைய அப்பன் ஒரு கருவாட்டு ஆலைக்கு முதலாளி. அதுதான் ஆட்சேபம். தீர்மானத்தின் நகலைப் பதிவுத் தபாலில் மகளுக்கு அனுப்பினேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. அதன் பிறகு அவள் போனில் பேசுவது குறைந்துவிட்டது. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மொழி கண்ணியமாகத்தான் இருந்தது.

நடுவில் ஒரே ஒருமுறை வந்தாள், ரோசம்மாள் இறந்தபோது. சாவு வீட்டில் சவரிமுத்து பந்தலின் கிழக்கே உட்கார்ந்திருந்தான், நான் மேற்கே. வந்தவர்கள் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் துக்கம் கேட்டார்கள். வாலன்டினா நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேருமே ஒழுங்காக நடந்துகொண்டோம், ஒரு கூச்சல் இல்லை. அதை அவள் பாராட்டவும் இல்லை.

இந்தப் பொங்கல் அன்று போன் பண்ணினாள்.

"அப்பா, ஈஸ்டருக்கு எஸ்பென் வீட்ல எல்லாரும் மலைக்குப் போவாங்க. பலகையில ஏறி பலகையிலயே எறங்குறது. அங்க ஒரு மரக்குடிசை இருக்கு. அடுப்புப் பக்கத்துல உக்காந்து நீங்க காப்பி குடிச்சிக்கிட்டு இருக்கலாம். வாங்க. ஆனா தனியா இல்ல. நீங்களும் மாமாவும் வரணும். பேசிக்கிட்டு வரணும்."

"அது எப்படி, அவன் பிளவுவாதி."

"அம்மாவும் போய்ட்டாங்க. எனக்குன்னு மிச்சம் இருக்கது நீங்க ரெண்டு பேருதான். சாவு வீட்ல உக்காந்த மாதிரி இங்க வந்து ஆளுக்கொரு மூலைல உக்காருறதா இருந்தா வரவே வேணாம். இனிமே நானும் கூப்பிட மாட்டேன். மதுரைல பிளேன் ஏறுறதுக்கு முன்னால மாமாவுக்குப் போன் பண்ணுவேன். பேசலைன்னு சொன்னாருன்னா டிக்கெட்ட ரத்து பண்ணிருவேன்."

ஏன் மாமாவுக்கு, எனக்குப் பண்ணக்கூடாதா என்று கேட்டேன். மாமா பொய் சொல்ல மாட்டாங்க, நீங்க அறிக்கை விடுவீங்க என்றாள். செய்வாள், தம்பி. சொன்னால் செய்கிறவள். யாருடைய மகள்.

இதில் இன்னொன்றையும் கவனித்தீர்களா? அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பதாம். சம்பந்தி ஆர்னேக்கு என்னைவிட இரண்டு வயது கூட. அந்த ஆள் வருடா வருடம் பலகை கட்டிக்கொண்டு மலை ஏறுகிறாராம். முதலாளி உச்சிக்குப் போவான், தொழிலாளி வர்க்கத்தின் பிரதிநிதி கீழே கருவாட்டுக்குக் காவல் இருப்பதா? ஐம்பது வருடத்தில் நான் எந்தப் போராட்டத்திலும் பந்தலில் உட்கார்ந்தவன் இல்லை. ஏறுவது என்று முடிவு செய்தேன். தனிமனித முடிவு இல்லை. செயற்குழுவைக் கூட்டினேன். செயற்குழுவில் இப்போது நானும் பொருளாளர் பேச்சிராசாவும்தான். பேச்சிராசா தூங்கிவிட்டார். எதிர்ப்பு இல்லாததால் ஏகமனதாக நிறைவேறியது.

முடிவு எடுத்தாயிற்று. அடுத்தது அறிவு. நான் ஐந்தாம் வகுப்பு. மிச்சமெல்லாம் எனக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்தது. பிரெஞ்சுப் புரட்சி பதினாறு பக்கம். பூமி சுற்றுவது எட்டுப் பக்கம். குடும்பக் கட்டுப்பாடு நான்கு பக்கம், படத்தோடு. அதனால்தான் எனக்கு ஒரே பிள்ளை. இந்தப் பலகை பற்றித் தமிழில் ஒரு பிரசுரம்கூட இல்லை. மருமகன் வீடியோக்களும் படங்களும் அனுப்பினான், மகள் விளக்கம் சொன்னாள், நானே எழுதி அச்சடித்தேன். "பிளவுப்பலகை: தோற்றமும் பயனும்." பன்னிரண்டு பக்கம். பையில் இருக்கிறது, இறங்கும்போது தருகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுகிறேன். மேலே ஏறும்போது இந்தப் பலகை நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். காலுக்கு ஒன்று. அடியில் ஒரு தோல் ஒட்டுவார்கள். அதில் மயிர் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதனால் கால் முன்னால் போகும், பின்னால் வழுக்காது. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பது வருடம் தொழிலாளியிடம் நான் எதிர்பார்த்த குணம் அது. ஒரு தோலுக்கு இருக்கிறது. உச்சிக்குப் போனதும் தோலை உரித்துவிட்டு இரண்டு பாதியையும் சேர்த்துப் பூட்டினால் ஒரே பலகை. அதன்மேல் குறுக்காக நின்று சறுக்கிக்கொண்டு கீழே வரவேண்டியது.

இன்னொரு சங்கதி. பனி வெயிலில் கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி கட்டாயம் என்று மருமகன் சொன்னான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் அளத்துப் பெண்கள் வாழ்நாள் முழுக்க வெறுங்கண்ணால் உப்பைப் பார்த்துப் பார்வை மங்கிப் போகிறார்கள். ஆளுக்கொரு கண்ணாடி கொடு என்று நான் மனுக் கொடுக்காத அதிகாரி இல்லை. அது ஆடம்பரம் என்றார்கள். விளையாடப் போகிறவனுக்குக் கட்டாயம், வேலை செய்கிறவளுக்கு ஆடம்பரம். இதையும் பிரசுரத்தில் சேர்த்திருக்கிறேன், ஏழாம் பக்கம்.

ஒன்பதாம் பக்கம் பனிச்சரிவு. மலையில் பனி திடீரென்று மொத்தமாகச் சரிந்து ஆளை மூடிவிடும். அதனால் தனியாகப் போகக்கூடாது. ஒருவன் புதைந்தால் கூட வந்தவன்தான் தோண்டி எடுக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் ஆள் பிழைப்பான். நான் இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்து யோசித்தேன். சவரிமுத்து என்னைத் தோண்டி எடுப்பானா? எடுப்பான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எடுத்துவிட்டுத் துண்டறிக்கை போடுவான்.

அவனும் துண்டறிக்கைக்காரன்தான். எல்லாம் என்னிடம் கற்றது. என் பிரசுரம் வந்த வாரமே துறைமுகச் சாலை டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டான். "பிளவைப் பற்றி எழுத ஆவுடையப்பனைவிடத் தகுதியானவர் யார்?" கீழே, அந்தப் பலகையின் சரியான பெயர் இணைப்புப்பலகை என்று விளக்கம். ஏறும்போது தற்காலிகமாகப் பிரிகிறது, அதன் லட்சியம் இணைவதுதான் என்று எழுதியிருந்தான். நான் மறுப்பு எழுதினேன். அவன் மறுப்புக்கு மறுப்பு எழுதினான். டீக்கடைக்காரர் சுவர் போதவில்லை என்றார்.

பேச்சு நின்றது எதனால் என்று கேட்கிறீர்களா? கொள்கைப் பிரச்சினை. அப்போது ஒரே சங்கம். நான் தலைவர், அவன் செயலாளர். முதலாளியிடம் கோரிக்கைப் பட்டியல் கொடுக்க வேண்டும். இரண்டு கோரிக்கைகள். அளத்தில் குடிக்கத் தண்ணீர் வேண்டும். ஒதுங்க ஒரு நிழற்கொட்டகை வேண்டும். தண்ணீர் முதல் கோரிக்கை என்றேன் நான். நிழல்தான் முதல் என்றான் அவன். தாகத்தால் சாகிறவனுக்கு நிழல் எதற்கு என்றேன். வெயிலில் விழுந்தவனுக்குத் தண்ணீர் யார் கொண்டு வருவது என்றான். மூன்று நாள் விவாதம். கடைசியில் பாதிப்பேர் அவனோடு போனார்கள். இரண்டு சங்கம், இரண்டு பட்டியல். முதலாளி இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, உங்களுக்குள் முடிவு பண்ணிவிட்டு வாருங்கள் என்றான். ஆளும் வர்க்கத்தின் திமிரைப் பாருங்கள்.

சரி, பலகைக்கு வருகிறேன். பலகையெல்லாம் நாங்களே தருகிறோம் என்று சம்பந்தி சொல்லி அனுப்பியிருந்தார். முதலாளியின் கருவியில் நான் ஏற மாட்டேன். படகு கட்டுகிற லூர்துவிடம் போனேன். எனக்கு முன்னால் சவரிமுத்து வந்து அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"வே, எங்கிட்ட இருக்கது ஒத்தப் பலகை" என்றான் லூர்து. "உடைஞ்ச படகுல மிஞ்சுனது. ஆளுக்கு ஒண்ணு வேணும்னா இன்னொரு படகு உடையணும்."

"அப்படியானால் எனக்குச் செய்."

"அவரும் இதையேதான் சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிட்டு வாங்களேன்."

"பேசுவதற்கில்லை."

லூர்துதான் நடுவில் போய் வந்தான். உடன்பாடு ஏற்பட்டது. பலகை ஒன்று. உடைமை இரண்டு சங்கங்களுக்கும் பொது. வலது பாதி என் பொறுப்பு, இடது பாதி அவன் பொறுப்பு. நார்வேயில் யார் எப்போது ஏறுவது என்பதைப் பிறகு பேசிக்கொள்வது. பூட்டுவதற்குப் பித்தளைத் தாழ்ப்பாள், காலை மாட்ட மோட்டார் சைக்கிள் டியூப், அடியில் தோலுக்குப் பதில் சாக்கு. இடது பாதி இரண்டு விரல் நீளம் கூட என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. லூர்து கடற்கரைக்காரன், சவரிமுத்துவின் ஊர்க்காரன்.

பயிற்சி எங்கே செய்வது? பனிக்கு எங்கே போவோம். ஆனால் வெள்ளை எனக்குப் புதிதா, தம்பி? வேம்பார் பக்கம் பெரிய அளத்தில் உப்பை அம்பாரமாகக் குவித்திருந்தார்கள். நாலு ஆள் உயரம், இரண்டு பக்கமும் செங்குத்து. முதலாளியிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றார் பேச்சிராசா. அனுமதி கேட்டு ஏறினால் அது ஏற்றமா? பங்குனி வெயிலில் ஒரு நாள், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே போனோம். லூர்து மூலம் தகவல் போய்ச் சவரிமுத்துவும் வந்தான். வந்துதானே ஆக வேண்டும், மறுபாதி அவனிடம்.

இப்போது ஒன்றை யோசியுங்கள். ஏறுவதற்கு இரண்டு காலுக்கும் இரண்டு பாதி வேண்டும். பாதியை யார் யாருக்குக் கொடுப்பது? நான் கொடுக்க மாட்டேன். அவன் கொடுக்க மாட்டான். எனவே நான் வலது காலில் என் பாதியைக் கட்டிக்கொண்டு வடக்கே இருந்து ஏறினேன். அவன் இடது காலில் அவன் பாதியைக் கட்டிக்கொண்டு தெற்கே இருந்து ஏறினான். பலகை கட்டிய கால் முன்னால் போகிறது, பின்னால் வழுக்கவில்லை, அருமையாக இருக்கிறது. வெறுங்கால் கணுக்கால் வரை புதைகிறது. நான் இடது பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து அம்பாரத்தைச் சுற்றி வந்தேன். அவன் வலது பக்கமாகச் சாய்ந்து எதிரே வந்தான். வழியில் ஒருவரை ஒருவர் கடந்தோம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உச்சிக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். நான் கொஞ்சம் முன்னால்.

இறங்க வேண்டும். இறங்குவதற்கு இரண்டு பாதியையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டினால் ஒருவன்தான் சறுக்கலாம், மற்றவன் கொடுத்துவிட்டு நடந்து இறங்க வேண்டும். யார் கொடுப்பது என்று பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேச்சு இல்லை. உட்கார்ந்துவிட்டோம். முதுகும் முதுகும் ஒட்டியபடி, ஏனென்றால் உச்சியில் இடம் அவ்வளவுதான்.

கீழே பெண்கள் உப்புக் கூடையோடு வந்து நின்றார்கள். எங்கள் தலைமேல் கொட்ட முடியுமா? கூடையை இறக்கி வைத்தார்கள். பின்னால் வந்தவர்களும் இறக்கி வைத்தார்கள். பிரகாசியம்மாள் என்று ஒரு மூத்த தொழிலாளி, என் சங்கத்தில் இருந்து அவன் சங்கத்துக்குப் போய் இரண்டையும் விட்டவர்.

"என்னய்யா, ரெண்டு பேரும் சாமி மாதிரி உக்காந்துட்டீக? எறங்குங்க, வெயிலு மண்டையப் பொளக்கு."

"முதலில் அவன் இறங்கட்டும்" என்று நான் அவரிடம் சொன்னேன்.

"மொதல்ல அவரு எறங்கட்டும்" என்று இவன் அவரிடம் சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் அளம் முழுவதும் வேலை நின்றுவிட்டது. கங்காணி ஓடி வந்தான். என்ன கோரிக்கை என்று கேட்டான். கோரிக்கை எதுவும் இல்லை என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. சவரிமுத்துவிடம் கேட்டான். கோரிக்கையா, ஒண்ணுமில்லையே என்றான் இவனும். கங்காணி அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டான். உச்சி வரை கேட்டது.

"ரெண்டு சங்கமும் ஒண்ணா உக்காந்துட்டாங்க மொதலாளி. ஆமா, ஒரே எடத்துல. வேல மொத்தமா நின்னு போச்சு. என்ன வேணும்னு கேட்டா ஒண்ணும் வேணாம்ங்காங்க. எனக்குப் பயமா இருக்கு மொதலாளி."

முதலாளி காரில் வந்தான். இப்போது இருப்பவன் பழைய முதலாளியின் மகன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், குறித்துக்கொள்ளுங்கள். அம்பாரத்துக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்து, தண்ணித் தொட்டி கட்டித் தருகிறேன் என்றான். நாங்கள் பேசவில்லை. சரி, நிழலுக்கு ஒரு கொட்டகையும் போட்டுத் தருகிறேன் என்றான். நாங்கள் பேசவில்லை. என்ன பேசுவது, நாங்கள் அதற்கா போனோம்? பெண்களுக்குக் கண்ணாடியும் வாங்கித் தருகிறேன், இறங்குங்கள் என்று கும்பிட்டான். பெண்கள் கை தட்டினார்கள்.

இருபது வருடம் கேட்டோம், தரவில்லை. கேட்காமல் உட்கார்ந்தோம், தந்தான். இதிலிருந்து என்ன தெரிகிறது? என் உறுதி தெரிகிறது. நான் மட்டும் பாதியைக் கொடுத்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது. பிரகாசியம்மாள் ஒரு பேச்சுப் பேசினார், கேளுங்கள். "நீங்க ரெண்டு பேரும் இப்படி ஒண்ணா அன்னைக்கே உக்காந்திருந்தா எனக்கு இன்னைக்குக் கண்ணு தெரியுமய்யா." அந்த அம்மா நல்ல தொழிலாளி. அரசியல் தெளிவு போதாது.

அவன் தெற்கே உட்கார்ந்தபடியே சறுக்கினான். நான் வடக்கே. வேட்டி கிழிந்தது, அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. கொட்டகை கட்டியாயிற்று, தொட்டியும் வைத்தாயிற்று. நிழலில் தண்ணீர்த் தொட்டி என்று அவன் சங்கம் துண்டறிக்கை போட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு நிழல் என்று நாங்கள் போட்டோம். அந்த விவாதம் முடியவில்லை.

என்ன கேட்டீர்கள்? அப்புறம் பேசினோமா என்றா? எங்கே பேசுவது. பேசுவதற்கு ஒரு முகாந்திரம் வேண்டாமா. இன்றைக்குத் தூத்துக்குடியில் ஒரே பஸ்ஸில் ஏறினோம். அவன் முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால். அருப்புக்கோட்டை தாண்டிவிட்டது. காரியாபட்டி வந்தால் மதுரை பக்கம். அவள் போன் பண்ணுவாள். சவரிமுத்து பொய் சொல்ல மாட்டான், அது உண்மைதான், ரோசம்மாளும் அப்படித்தான். பேசவில்லை என்று சொல்லிவிடுவான். டிக்கெட் ரத்து. அவள் இனிமேல் கூப்பிடவும் மாட்டாள்.

இல்லை, நான் ஒன்றும் கலங்கவில்லை. காற்றில் தூசி.

தம்பி, நீங்கள் எந்தச் சங்கத்திலும் இல்லாதவர். ஒரு உதவி செய்யுங்கள். முன்னால் போய் அவனிடம் சொல்லுங்கள். ஆவுடையப்பன் பேச்சைத் தொடங்கத் தயாராக இருக்கிறார், சவரிமுத்து முதல் வார்த்தையைச் சொன்னால் அதை அவர் பரிசீலிப்பார் என்று சொல்லுங்கள். கெஞ்சுகிற மாதிரி சொல்லக்கூடாது. மிரட்டுகிற மாதிரியும் வேண்டாம். நட்போடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல். போய் வாருங்கள். பலகையைத் தாண்டிப் போங்கள்.

வந்துவிட்டீர்களா. என்ன சொன்னான்? ஒன்றுமே சொல்லவில்லையா? சிரித்தானா? பிறகு? "சத்தத்தக் கொறைக்கச் சொல்லுங்க, தூத்துக்குடில இருந்து எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் வாரேன்." இதைத்தான் சொன்னானா? எல்லாம் என்றால்? முழுக்கவா? சாவு வீடு, தோண்டி எடுப்பது, எல்லாமுமா?

என் குரல் மைக் இல்லாத காலத்துக் குரல், தம்பி. அதற்கு நான் என்ன செய்ய.

இருங்கள். அது அவன் போன். அவள்தான். பேசாதீர்கள், என்ன சொல்லுகிறான் என்று கேட்க வேண்டும். இந்த கண்டக்டர் வேறு விசில் ஊதுகிறார்.

என்ன? என்ன சொன்னான் இப்போது? "பேசிக்கிட்டுத்தான் வாரோம்ட்டி" என்கிறானா? கேட்டீர்களா நீங்களும்? "ஏறுனதுல இருந்து பேச்சுதான். உங்கப்பா நிறுத்துனாத்தான." அப்படியா சொல்லுகிறான். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாதவன். இது பொய்யா? பொய்தான். இல்லை, ஒரு வகையில்... இல்லை, பொய்தான். அவனோடு நான் பேசவில்லை, உங்களோடுதானே பேசினேன். நீங்களே சாட்சி. எழுந்து மறுக்க வேண்டும். முறைப்படி பார்த்தால் நான் இப்போது எழுந்து மறுக்க வேண்டும்.

போனை என்ன செய்கிறான்? பின்னால் கொடுக்கச் சொல்லுகிறானா? கை மாறி கை மாறி வருகிறது. அம்மா, கீழே போட்டுவிடாதீர்கள். கொடுங்கள், தம்பி. இப்படியே பேசலாமா?

நான்தான், வாலன்டினா. ஆமாம், பஸ்ஸில். ஆமாம். மாமா சொன்னதை நான் கேட்டேன். நிஜமா என்றால்... இரு. அவசரப்படாதே. முறைப்படி சொல்லுகிறேன். மாமா சொன்னதை நான் வழிமொழிகிறேன். வழிமொழிகிறேன், வழிமொழிகிறேன். அப்படியென்றால் அவன் சொன்னதையே நானும் சொல்லுகிறேன் என்று அர்த்தம். அழாதே. ஏன் சிரிக்கிறாய்? இரண்டில் ஏதாவது ஒன்றைச் செய். சரி. ஏறிவிட்டுச் சொல்லுகிறோம். சொல்லுகிறோம் என்றுதான் சொன்னேன். வை.

இந்தாருங்கள், இதை முன்னால் கொடுத்துவிடுங்கள்.

ரிங்ரோடு வந்துவிட்டதா? நாங்கள் இங்கே இறங்க வேண்டும். பலகையை நான் தூக்கிக்கொள்ளுகிறேன், நீங்கள் விடுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த உப்பு மேட்டில் சறுக்கியதில் அவனுக்கு வலது முழங்கால் பிசகியிருக்கிறது. காட்டிக்கொள்ள மாட்டான். இந்த பஸ்ஸில் கடைசிப் படி உயரம். அவன் இறங்கும்போது கொஞ்சம் கையைக் கொடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

என்ன? இதுவும் அவனுக்குக் கேட்டிருக்கும் என்கிறீர்களா?

கேட்கட்டும்.